மினுக்கல் தொடங்கும் இடம்

கல்லீரல் கெட்டுப்போன ஒருவரின் மூளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, அவர் கண்களை முழுக்க மூடும் ஒரு கவசக் கண்ணாடியை மாட்டுகிறார்கள். வெளிவெளிச்சம் உள்ளே வராது. உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் எரிகிறது. நோயாளியின் கையில் ஒரு பொத்தான். “லைட்டையே பாருங்க. அது துடிக்க ஆரம்பிச்சதும் அமுக்குங்க.” அவ்வளவுதான் கட்டளை.

அந்த விளக்கு உண்மையில் நிலையாக எரிவதே இல்லை. நொடிக்கு 60 முறை அணைந்து அணைந்து எரிகிறது. அந்த வேகத்தைப் பெரும்பாலோர் கண்ணால் பிடிக்க முடியாது. அவர்களுக்கு அது அசையாத விளக்கு. கருவி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறது. 55, 50, 45. எங்கோ ஓரிடத்தில் புள்ளி நடுங்குகிறதோ என்று ஒரு சந்தேகம் வரும்; அடுத்த கணம் சந்தேகமே இல்லாமல் படபடக்கும். நோயாளி அமுக்குகிறார். திரையில் ஓர் எண் நிற்கிறது. முதலில் சிலமுறை பழகவிட்டு, பிறகு எட்டொன்பது தடவை இதையே செய்து சராசரி எடுக்கிறார்கள். சராசரி 39க்குக் கீழே போனால், எதிரில் உட்கார்ந்து பேசிப் பார்த்த மருத்துவருக்குப் பிடிபடாத ஒரு மந்தத்தை அந்த எண் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை, ஸ்கேன் இல்லை.

கல்லீரல், கண், மூளை மூன்றுக்கும் இப்படி ஒரு முடிச்சை யாரும் திட்டமிட்டுப் போடவில்லை. எண் முதலில் பிறந்துவிட்டது. அது எதை அளக்கிறது என்ற கேள்விக்கான பதில்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மாறிக்கொண்டே வந்தது. வெளிச்சத்தை அளக்கிறது என்றார்கள்; பிறகு கண்ணை, பிறகு மூளையை, பிறகு தொழிலாளியின் அசதியை, பிறகு மாத்திரையின் கிறக்கத்தை. கல்லீரல் வந்தது கடைசியில்தான்.

கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கௌடபாதர் மாண்டூக்ய காரிகையின் நான்காம் பிரகரணத்தில் இந்தக் கொள்ளிவட்டத்தைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். வட்டம் என்று ஒன்று அங்கே இல்லை என்பது அவருக்குப் போதுமாக இருந்தது. எவ்வளவு வேகமாகச் சுற்றினால் வட்டம் இடைவெளியில்லாமல் மூடிக்கொள்ளும் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

கேட்டவர்களில் ஒருவர் ஒரு படைவீரர். அயர்லாந்தின் கால்வே பகுதியில் பிறந்து, பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, பாரிஸ் அறிவியல் கழகத்திலும் இடம்பிடித்த பாட்ரிக் டார்சி. சுழலும் ஒரு கையின் நுனியில் கனலும் கரித்துண்டைப் பொருத்தி, இருட்டில் தொலைவிலிருந்து பார்க்கச் செய்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கரித்துண்டு ஒரு சுற்றை சுமார் 0.13 நொடியில் முடிக்கும்போது வட்டம் மூடிக்கொண்டது. 1765இல் இதை வெளியிட்டார். வெளிச்சம் போன பிறகும் அதன் உணர்வு கண்ணில் சற்று நேரம் தங்குகிறது, அந்தத் தங்கலுக்கு ஓர் அளவு உண்டு என்பது அவர் முடிவு. இந்தக் கதையின் தொடக்ககால எண்களில் ஒன்று அது.

அடுத்தவர் செய்ததற்குக் கருவிகூடத் தேவைப்படவில்லை. பிராகில் மருத்துவம் படித்த யான் புர்கின்யே, கண்ணை மூடிக்கொண்டு சூரியனை நோக்கி முகத்தைத் திருப்பி, விரித்த விரல்களை முகத்துக்கு முன்னால் வேகமாக ஆட்டினார். மூடிய இமைக்குள் சதுரங்கக் கட்டங்கள் தெரிந்தன; அறுகோணங்களும் சுழல்களும் தெரிந்தன. 1819இல் எழுதிய ஆய்வேட்டில் இவற்றை வரைந்தே காட்டினார். வெளியே எந்தக் கட்டமும் இல்லை. இருப்பது வெளிச்சமும் நிழலும் மட்டும். மினுக்கலைப் பார்ப்பதில் பார்ப்பவரின் நரம்புக்கும் பங்கு உண்டு என்பதற்கு அப்போதே சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் கதை அந்தப் பக்கம் திரும்ப இன்னும் எண்பது ஆண்டுக்கு மேல் ஆனது. அந்தக் காலத்து இயற்பியலாளர்களுக்கு மினுக்கல் என்றால் வெளிச்சத்தின் கணக்கு.

பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ அந்தக் கணக்கைப் போட்டார். 1829இல் லீஜ் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேடே, ஒளியின் பதிவு கண்ணில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது பற்றியதுதான். வெவ்வேறு நிறம் பூசிய தட்டுகளைச் சுழலவிட்டு அளந்தார். மூன்றாண்டுகளில், தட்டின் விளிம்பில் வரைந்த படங்களைப் பிளவு வழியாகப் பார்த்தால் அவை ஆடுவதுபோல் தெரியும் ஒரு பொம்மையையும் செய்தார்; சினிமாவின் மூதாதைகளில் ஒன்று அது. இதே ஆராய்ச்சிக்காக ஒருமுறை வெறுங்கண்ணால் சூரியனை 25 நொடி உற்றுப் பார்த்தாராம். 1840களில் அவருக்குப் பார்வை முழுதும் போனபோது, அந்த 25 நொடிதான் காரணம் என்று ஊர் சொன்னது. இடையில் ஏறக்குறைய 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. கண்ணின் உள்ளழற்சியே காரணமாக இருக்கலாம் என்று பிற்காலத்தவர் கருதினார்கள். பார்வை போன பிறகு பல ஆண்டுகள் மனைவி, மகன், நண்பர்கள் கண்ணைக் கடன்வாங்கி சோப்புப் படலங்களை ஆராய்ந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய சங்கதி. ஊர் சொல்லும் கதையில் அது வருவதில்லை.

1834இல் இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட், காகிதத்தில் புகைப்படம் எடுத்துப் புகழ்பெற்ற அதே டால்பட், பிளாட்டோவின் கணக்கை விதியாக்கினார். பாதி வெள்ளை, பாதி கறுப்பான தட்டை வேகமாகச் சுழற்றினால் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். மினுக்கல் மறைந்த அந்தச் சாம்பலின் வெளிச்சம் வெள்ளையின் சரிபாதி. கால் பங்கு வெள்ளை என்றால் கால் பங்கு. கண்ணை நம்பி வெளிச்சத்தைக் கணக்காகப் பங்குபோட முடியும் என்று இதற்குப் பொருள். விளக்குகளை ஒப்பிடுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நிறம் வேறான இரண்டு விளக்குகளில் எது பிரகாசம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி, மினுக்கல் மிகக் குறைவாகும்வரை ஒன்றைத் திருகிக்கொண்டே போனால், சமமாகும் இடம் தானே தெரிந்துவிடும். எந்த நிறத்தை மனிதக் கண் எவ்வளவு பிரகாசமாக உணர்கிறது என்பதற்கு 1924இல் ஏற்கப்பட்ட சர்வதேச அளவுகோலில் இந்த மினுக்கல் முறையில் எடுத்த அளவுகளுக்கும் இடம் உண்டு. இன்று எல்இடி பல்பு அட்டையில் பார்க்கும் லூமன் கணக்கு அந்த அளவுகோலின் மேல் நிற்பது.

மினுக்கல் எந்த வேகத்தில் மறையும் என்பதற்கும் விதி கிடைத்தது. அமெரிக்காவில் ஃபெர்ரி 1892இலும், இங்கிலாந்தில் போர்ட்டர் 1902இலும் கண்டது இது: வெளிச்சம் பத்து மடங்கு கூடும் ஒவ்வொரு தடவையும் மினுக்கல் மறையும் எல்லை ஏறக்குறைய ஒரே அளவு உயர்கிறது. மங்கலான விளக்கு நொடிக்கு 20 துடிப்பிலேயே நிலையாகத் தெரியலாம். பளீரென்ற விளக்குக்கு 50 போதாது. சினிமாக்காரர்களுக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். நொடிக்கு 24 படம்தான் ஓடுகிறது. அப்படியே காட்டினால் திரை படபடக்கும். அதனால் புரொஜெக்டரில் ஒரே படத்தை இரண்டு மூன்று முறை மறைத்துத் திறக்கும் இறக்கைகளை வைத்து 48 அல்லது 72 துடிப்பாக்கினார்கள்.

இதுவரை எண்ணின் சொந்தக்காரர் வெளிச்சம். மிஞ்சிப் போனால் விழித்திரை. மூளையைக் கதைக்குள் இழுத்துவந்தவர் சார்லஸ் ஷெரிங்டன், பின்னாளில் நோபல் பெற்ற நரம்பியலாளர். 1904இல் அவர் வெளியிட்ட சோதனை எளிமையானது, ஆனால் விவரமானது. சுழலும் ஒரு விளக்கு அமைப்பின் மூலம் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனியே மினுக்கலைக் கொடுத்தார். ஒரு தடவை இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் வெளிச்சம், ஒரே நேரத்தில் இருட்டு. மறுதடவை இடக்கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது வலக்கண்ணுக்கு இருட்டு. இரு கண்ணின் செய்தியும் ஒரே குழாயில் ஊற்றப்படுவதாக இருந்தால், இரண்டாவது முறையில் ஒன்றின் இருட்டை மற்றதன் வெளிச்சம் நிரப்பிவிட வேண்டும், மினுக்கலே தெரியக்கூடாது. ஆனால் தெரிந்தது. இரண்டு முறைக்கும் இடையில் எல்லை சொற்ப அளவே மாறியது. இரு கண்ணும் தத்தம் வேலையை ஏறத்தாழ முடித்துக் கொடுத்த பிறகுதான் மேலே எங்கோ அவை சேர்கின்றன என்று ஷெரிங்டன் முடிவுகட்டினார். அந்த ‘மேலே எங்கோ’ மூளைதான்.

1930களிலும் 40களிலும் நரம்பியல் மருத்துவர்கள் இன்னொன்றைப் பார்த்தார்கள். மூளையில் பார்வைப் பாதை அடிபட்டவர்களுக்கு, பார்வை நன்றாக மிஞ்சியிருக்கும் பகுதியிலும் மினுக்கலைப் பிடிக்கும் திறன் குறைந்திருந்தது. கண் மருத்துவரின் எழுத்துப் பலகையைத் தடங்கலின்றிப் படிப்பவர், மினுக்கலில் சறுக்கினார்.

எண்ணுக்குப் புதுச் சொந்தக்காரர் கிடைத்தார். அதோடு ஆசையும் வந்தது.

1941. அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் சைமன்சனும் நார்பர்ட் என்சரும், மினுக்கல் எல்லையை மத்திய நரம்பு மண்டலத்தின் களைப்பை அளக்கும் சோதனையாக முன்வைத்தார்கள். போர்க்காலம். தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓடின. விமானிகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்க பென்செட்ரின் மாத்திரை புழக்கத்தில் இருந்தது. அசதி என்பது தொழிலாளி வாயால் சொல்லும் புகாராக இல்லாமல், கருவி காட்டும் எண்ணாக இருந்தால் நிர்வாகத்துக்கும் படைக்கும் எவ்வளவு வசதி! தசைக் களைப்பைப் பளு தூக்கச் சொல்லி அளந்துவிடலாம். மூளைக் களைப்புக்கு அப்படி ஒன்றும் இல்லாத இடத்தில் இந்த விளக்கு வந்து உட்கார்ந்தது. மின்னணுவியலும் அதே சமயத்தில் கைகொடுத்தது. சுழலும் தட்டும் மோட்டாரும் போய், மின்சுற்றால் துடிக்கும் வாயு விளக்குகள் வந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குள்ளேயே போய்விடலாம்.

போருக்குப் பிறகு ஜப்பானியத் தொழில் சுகாதார ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பயன்படுத்தினார்கள். சுவிட்சர்லாந்தில் எட்டியென் கிராண்ட்ஜான் சூரிச் விமான நிலையத்தின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைப் பணிநேரத்தினூடே திரும்பத் திரும்பச் சோதித்தார். வேலை நீள நீள எல்லை இறங்கியது. சிகாகோவில் வார்ட் ஹால்ஸ்டெட், மூளைச் சேதத்தைக் கண்டறியத் தாம் தொகுத்த சோதனை வரிசையில் மினுக்கல் சோதனையையும் சேர்த்திருந்தார். 1947இல் வந்த அவர் நூலில் அது இருக்கிறது. சில ஆண்டுகளில் அவருடைய மாணவர் ரால்ஃப் ரைட்டன் அந்த வரிசையைச் செப்பனிட்டபோது மினுக்கலை எடுத்துவிட்டார். மூளை கெட்டவரையும் கெடாதவரையும் அது சரியாகப் பிரித்துக் காட்டவில்லை. ஹால்ஸ்டெட்-ரைட்டன் வரிசை இன்றும் பேசப்படுகிறது. அதில் மினுக்கல் விளக்கு இல்லை.

ஏன் பிரிக்கவில்லை? 1953இல் கார்னி லாண்டிஸ் 1740 முதல் 1952 வரையான மினுக்கல் ஆய்வுகளின் பட்டியலைத் தொகுத்தார். ஒரு சின்னப் படபடப்புக்கு இருநூறாண்டு இலக்கியம்! அதைப் புரட்டினால் காரணம் புரிகிறது. விளக்கின் பிரகாசம் எல்லையை மாற்றும். புள்ளியின் அளவு மாற்றும். நிறம் மாற்றும், சுற்றியுள்ள வெளிச்சம் மாற்றும், கண்பாப்பாவின் விரிவு மாற்றும், வயது மாற்றும். காபி குடித்திருந்தால் மாறும், மது குடித்திருந்தால் மாறும். எல்லாவற்றையும் அளக்கும் கருவி குறிப்பிட்ட ஒன்றை அளப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஓட்டை பொத்தானை அமுக்கும் ஆளிடம் இருந்தது. சந்தேகம் வந்த உடனே அமுக்குகிறவர் உண்டு. நூறு சதம் உறுதியான பிறகே அமுக்குகிறவரும் உண்டு. இருவர் கண்ணும் மூளையும் ஒன்றாகவே இருந்தாலும் எண் வேறாக வரும். 1960களில் அமெரிக்க உளவியலாளர் கிராஃபோர்ட் கிளார்க் இதை வெட்டவெளிச்சமாக்கினார். சோதனைக்கு முன் சொல்லும் வார்த்தையைச் சற்று மாற்றினாலே எல்லை நகர்ந்தது. மனநோயாளிகளுக்கு மினுக்கல் எல்லை தாழ்வு என்று வந்திருந்த முடிவுகளையும் அவர் குழு மறுபடி சோதித்தது. அதில் வெளிப்பட்டது புலனின் குறைபாடு அல்ல, பதில் சொல்வதில் இருந்த தயக்கம். இத்தனை ஆண்டுகள் நரம்பை அளப்பதாக நினைத்தவர்கள் கணிசமான அளவுக்கு மனிதர்களின் எச்சரிக்கைக் குணத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

இதோடு சோதனை குப்பைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரே ஆளை, அதே விளக்கில், அதே அறையில், மாத்திரைக்கு முன்னும் பின்னும் அளந்தால்? அவரது தயக்கம் இரண்டு தடவையும் ஏறத்தாழ அதேதான், வித்தியாசம் மாத்திரையுடையது. மருந்தியலாளர்கள் இந்த வழியைப் பிடித்தார்கள். இங்கிலாந்தின் லீட்ஸில் இயன் ஹிண்ட்மார்ச் 1970களிலிருந்து இதற்கென்றே ஒரு கருவியை வைத்து வேலை செய்தார். சதுரத்தில் நான்கு சிவப்பு விளக்குகள், ஒரு மீட்டர் தொலைவு, ஒரு பொத்தான். பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள் எல்லையைக் கீழே இழுத்தன. மூளைக்குள் அதிகம் நுழையாத புதிய தலைமுறை மாத்திரைகள் இழுக்கவில்லை. புது மருந்தோடு ஒப்பிட, கிறக்கம் தரும் என்று நன்றாகத் தெரிந்த புரோமெத்தசினையும் வேண்டுமென்றே கொடுத்து அளப்பது வழக்கமானது. சோதனை வேலை செய்கிறதா என்பதற்கே அது சோதனை. ‘தூக்கம் வராத’ அலர்ஜி மாத்திரை என்று இன்று விளம்பரம் செய்யப்படும் பெயர்களின் பின்னால் இந்த வகை ஆய்வுகளும் இருக்கின்றன.

இனி கல்லீரல்.

குடலில் பாக்டீரியா புரதத்தை உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக்கி அனுப்பிவிடும். சிரோசிஸ் வந்து கல்லீரல் இறுகி, ரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் ஓடத் தொடங்கினால், அம்மோனியா மூளைக்குப் போகிறது. அங்கே நரம்பு செல்களைப் பராமரிக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதை வாங்கி குளுட்டமினாக மாற்றுகின்றன. குளுட்டமின் சேரச் சேர அவை நீர் கோத்து லேசாக வீங்குகின்றன. முற்றிய நிலையில் வீட்டாருக்கே தெரிந்துவிடும்: பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, நீட்டிய கை இறக்கை அடிப்பதுபோல் ஆடுவது, இடம் மறப்பது, கடைசியில் நினைவிழப்பு. சிக்கல் ஆரம்ப நிலையில்தான். பேச்சு சரியாக இருக்கிறது, கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் மூளை ஒரு படி மெதுவாகிவிட்டது. லாக்டுலோஸ் சிரப் போன்ற மருந்தால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய நிலை அது. கண்டுபிடித்தால்தானே சரிசெய்ய முடியும்?

மினுக்கல் விளக்கு வரும்வரை அதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் காகிதமும் பென்சிலும்தான். தாளில் சிதறிக் கிடக்கும் 1 முதல் 25 வரையான எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்கச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். ஜெர்மனியில் இது நன்றாகவே நடந்தது. பள்ளிக்கூடமே போகாதவரிடம் என்ன செய்வது? இந்திய மருத்துவர்கள் 1995இல் எண்களுக்குப் பதிலாகப் படங்களை இணைக்கும் தாளைத் தயாரித்தது இந்தத் தலைவலிக்காகத்தான். அதிலும் பென்சில் பிடித்துப் பழகிய கையும் பழகாத கையும் ஒன்றல்ல.

டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் டீட்டர் ஹாய்ஸிங்கரின் குழு வேறு கோணத்தில் யோசித்தது. மூளையில் ஆஸ்ட்ரோசைட் செய்யும் வேலையை விழித்திரையில் முல்லர் செல்கள் செய்கின்றன. அவையும் அம்மோனியாவை வாங்கி குளுட்டமினாக்குபவை. கல்லீரல் கெட்டவர்களின் விழித்திரையில் அந்தச் செல்களும் மாறிப்போயிருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. மூளைக்குள் எட்டிப் பார்க்க முடியாவிட்டால் என்ன, அதே சங்கடத்தில் இருக்கும் விழித்திரையைக் கேட்கலாமே? எப்படிக் கேட்பது என்றபோது பழைய மினுக்கல் விளக்கு தயாராக இருந்தது. 2002இல் கெரால்ட் கிர்ஹைஸை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை வந்தது. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 60இலிருந்து இறங்கும் வேகம், 39 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 39 துடிப்பு) எல்லைக்கோடு எல்லாம் அதில்தான் முதலில் ஒன்றுசேர்ந்தன. நோய் முற்ற முற்ற எண் படிப்படியாக இறங்குவதையும் அவர்கள் காட்டினார்கள். 2007இல் தில்லி கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையிலிருந்து எஸ்.கே. சரின் குழுவும் இந்த முறையைச் சோதித்து ஆதரித்து எழுதியது. அதே ஆண்டு ஸ்பெயினின் செவிய்யாவில், எல்லை 38க்குக் கீழே இருந்தவர்களே பின்னால் முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள்.

தொழிற்சாலையில் தோற்ற சோதனை இங்கே ஏன் தேறியது? என் கணிப்பு இது. அசதி என்பதற்கு உறுதியான வரையறையே கிடையாது. சரி தவறு என்று எதோடு ஒப்பிடுவது? கல்லீரல் நோயாளியிடம் அந்தக் குழப்பம் குறைவு. காரணம் தெரியும், அது மூளை முழுக்கப் பரவும் என்பது தெரியும், மருந்து கொடுத்தால் எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஹால்ஸ்டெட்டின் நோயாளிகளில் ஒருவருக்கு நெற்றிப்பக்கம் கட்டி இருக்கும், இன்னொருவருக்கு பக்கவாதம். ஒரே இடத்துச் சேதத்தை இந்த விளக்கு தவறவிடலாம். மூளை மொத்தமாக வேகம் குறைவதைத் தவறவிடுவது கடினம்.

ஒன்று சொல்ல வேண்டும். டுசெல்டார்ஃப் குழு விழித்திரையை நம்பித் தொடங்கியது. அதன் பிறகு வந்த சான்றுகள் மறுபடி மூளையின் பக்கமே சாய்கின்றன. 2006இல் லண்டனில் கார்மல், லாவி, ரீஸ் மூவரும் எல்லைக்கு அருகில் ஒரே வேகத்தில் துடிக்கும் விளக்கைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். விளக்கு மாறவில்லை, ஒரு தடவை துடிப்பாகத் தெரிகிறது, மறுதடவை நிலையாகத் தெரிகிறது. துடிப்பாகத் தெரிந்த தடவைகளில் நெற்றிப்புறணியும் உச்சிப்புறணியும் கூடுதலாக இயங்கின. டுசெல்டார்ஃப் ஆய்வாளர்களே 2018இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், மூளையின் பின்பகுதியில் ஓடும் ஆல்ஃபா அலை மெதுவாக உள்ளவர்களுக்கு மினுக்கல் எல்லையும் தாழ்ந்திருந்தது. தவறான வாசலைத் தட்டினாலும் சரியான வீட்டுக்குள் போய்விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய, அமெரிக்கக் கல்லீரல் சங்கங்கள் 2014இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி இதைப் பயன்படுத்தத்தக்க சோதனைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே நிபந்தனைகளையும் போட்டது. பலமுறை செய்ய வேண்டும். இரு கண் பார்வையும் சரியாக இருக்க வேண்டும். சிவப்பு-பச்சை நிறக்குருடு இருக்கக்கூடாது. தனிக் கருவி வேண்டும். ஆளுக்கு ஆள் வித்தியாசமும் பெரிது. டப்ளினின் டிரினிட்டி கல்லூரியார் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களிலேயே சிலருக்கு 35 அளவில் விளக்கு நிலைத்துவிட்டது. சிலர் 60ஐத் தாண்டியும் துடிப்பைப் பார்த்தார்கள். அவர்கள் பயன்படுத்திய விளக்கு வேறு, கருவி வேறு என்பதால் அந்த 35ஐ எடுத்து இந்த 39இன் பக்கத்தில் வைக்கக்கூடாது. ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றுக்குச் சுமத்துவதுதான் இந்தச் சோதனைக்குப் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் அநியாயம்.

செல்போனில் இதைச் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். திரையின் கணக்கு இடம் கொடுக்காது. நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டம் வெளிச்சம், ஒரு சட்டம் இருட்டு என்று காட்டினால் 60 துடிப்பு. ஒன்று வெளிச்சம், இரண்டு இருட்டு என்றால் 40. அடுத்தது நேராக 30. 39ஐச் சுற்றித் தசம அளவில் பார்க்க வேண்டிய இடத்தில் அந்தத் திரை பெரிய பள்ளம் வைத்திருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரை என்றால் 30க்கு மேலே போகவே போகாது. தவிர, நொடிக்கு 15 முதல் 25 வரையான மினுக்கல் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது. வீட்டில் விளையாட்டாகச் செய்து பார்க்கிற காரியம் அல்ல.

வீட்டில் செய்யக்கூடியது வேறு. சிரோசிஸ் உள்ளவர் பகலில் தூங்கி இரவில் உலாவ ஆரம்பித்தால், கையெழுத்து கோணினால், வழக்கமான வேலைக்குக் கூடுதல் நேரம் எடுத்தால், அடுத்த தடவை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். டுசெல்டார்ஃப் குழு இப்படிப்பட்ட நோயாளிகளைப் பயிற்றுநர் ஒருவரை உடன் வைத்து வண்டி ஓட்டச் சொல்லியும் பார்த்தது. தம் ஓட்டும் திறனை நோயாளிகள் உள்ளதைவிட உயர்வாகவே மதிப்பிட்டார்கள். எனவே “நான் நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று அவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை வண்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும்.